சாம்பிள் ஷூ

இடது ஷூவையும் காணோம், வலது ஷூவையும் காணோம். அரண்மனைக்காரன் தெரு ஆர்மீனியன் சர்ச் வாசலில் சுவாமிநாதன் குனிந்த தலை நிமிராமல் நாலாவது தடவையாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அவருடைய செருப்பு பத்திரமாகத்தான் இருந்தது. போனது ஹகோபியனின் ஷூ.

ஹகோபியன் பிரான்ஸ் தேசத்துப் பாரிஸ் பார்ட்டி, ஆர்மீனியர். சுவாமிநாதன் கிளார்க்காக இருக்கும் அடையாறு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியைத் தேடி வந்த முதல் பெரிய புள்ளி. கம்பெனி தைத்த சாம்பிள் ஷூவை இன்று முழுக்கப் போட்டு நடந்து பார்த்துவிட்டு, சாயந்திரம் இருபதாயிரம் ஜோடிக்குக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. நடுவில், இந்தச் சர்ச்சில் புதைத்திருக்கும் தன் கொள்ளுத் தாத்தாவைப் பார்க்க வேண்டும் என்றார்.

"நீரே கூட்டிட்டுப் போயிட்டு வாரும்வே" என்றார் முதலாளி ஜவஹர். "ஆர்டர் வந்தா நீர் எக்ஸ்போர்ட் மேனேஜர். வரலைன்னா ஆம்பூர் தோல் கிடங்கு."

கிடங்கு என்றதும் மனைவி சூடாமணி, "போனா அங்கேயே இருந்துக்கோங்கோ. அந்த வாசனையோட ஆத்துல கால் வைக்கப்படாது" என்று மயிலாப்பூரிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இருபது வருஷத் தாம்பத்தியம் ஒரு ஜோடி ஷூவில் தொங்கிக்கொண்டிருந்தது.

காரிலிருந்து இறங்கும்போதே ஹகோபியன் விந்தி விந்தித்தான் நடந்தார். வயசு, என்று நினைத்துக்கொண்டார் சுவாமிநாதன். வாசலில் பழக்கதோஷத்தில் தன் செருப்பைக் கழற்றியவர், உள்ளே எட்டிப் பார்த்தார். முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள். அதன் மேல் ஷூவோடு நடப்பதாவது?

"கழட்டணும்" என்று சைகை காட்டினார். மனிதர் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்தார்.

சுவாமிநாதன் கபாலி கோவிலில் மூன்று ஜோடி பறிகொடுத்த அனுபவசாலி. ஒரு ஷூவை வாசலிலும் மற்றதை மணிக்கூண்டுக்குப் பின்னாலும் வைத்தார். ஒற்றை ஷூவை எவன் திருடுவான்? ஹகோபியன் இந்த ஏற்பாட்டை மிகுந்த சிரத்தையோடு கவனித்தார்.

ஏப்ரல் வெயிலில் கல் கொதித்தது. ஹகோபியனோ கொள்ளுத் தாத்தாவின் மேல் வெறுங்காலோடு நின்று, கண்ணை மூடி, நீளமாகப் பெருமூச்சு விட்டார். கண்ணோரம் ஈரம். எவ்வளவு பக்தி என்று சுவாமிநாதன் உருகிப்போனார். அவரைத் தாத்தாவோடு தனியே விட்டுவிட்டு, ஆர்டர் கிடைக்க வேண்டி சர்ச்சை மூன்று பிரதட்சிணம் வந்தார். காரியம் ஆக வேண்டும், சாமி எதுவானால் என்ன?

வந்து பார்த்தால் ஷூ இல்லை.

"யோவ், இங்க ஒரு ஷூ இருந்ததே?" என்றார் வாட்ச்மேன் தணிகாசலத்திடம்.

தணிகாசலம் ஹகோபியனைப் பார்த்தான். ஹகோபியன் மணிக்கூண்டைப் பார்த்தார்.

"ஷூவா? இன்னா ஷூ? எனக்கு இன்னா சார் தெரியும்?"

சுவாமிநாதன் முதல் காரியமாகத் தன் செருப்பை விருந்தாளிக்குக் கொடுத்தார். குதிகால் இரண்டு அங்குலம் வெளியே நின்றது. ஹகோபியன் அதில் நாலு அடி நடந்து பார்த்துவிட்டு ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். இவ்வளவு நல்லவருக்கா இந்தக் கதி என்று சுவாமிநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெறுங்காலோடு தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடினார்.

"சார், அந்த ஷூ..."

"பிடிச்சிருக்காமா?" என்றார் ஜவஹர்.

திருட்டுப் போச்சு என்று சொல்ல வாயெடுத்தார். ரிசீவரில் ஆம்பூர் வாசனை அடித்தது.

"ரொம்பப் பிடிச்சிருக்கு சார். அதே மாதிரி இன்னொரு ஜோடி இப்பவே வேணுமாம்."

"ஒண்ணு என்னவே, மூணு கொண்டாரேன்."

சொன்னபடியே வந்தார். பெட்டியைத் திறந்ததும் ஹகோபியன் இரண்டு அடி பின்னால் போனார். ஜவஹர் விடவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டினார். ஹகோபியன் சுவாமிநாதனை ஒரு பார்வை பார்த்தார். சற்றுமுன் கட்டிக்கொண்ட மனிதர் அந்தப் பார்வையில் இல்லை.

"பாரும், சந்தோஷத்துல பேச்சே வரலை" என்றார் ஜவஹர். "கையெழுத்துப் போடுறவரைக்கும் கழட்ட விடமாட்டேன். நானே கூடப் போறேன், நீர் பஸ்ல வாரும்."

கார் போயிற்று. சுவாமிநாதன் திரும்பக் கிடைத்த தன் செருப்பை மாட்டிக்கொண்டார். எக்ஸ்போர்ட் மேனேஜர். சூடாமணிக்கு மல்லிகைப் பூ வாங்க வேண்டும்.

"சார், இத்தையும் எடுத்துக்கினு போ" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. தணிகாசலம் ஒரு பேப்பர் பொட்டலத்தை நீட்டிக்கொண்டிருந்தான். பிரித்தால், இடதும் வலதும்.

"அடப்பாவி, நீதான் திருடினியா?"

"திருட்டா? அந்த நைனாதான் சார் நீ சுத்திக்கினு இருந்தப்போ ரெண்டையும் தேடி எடுத்தாந்து, குதிகால்ல ரத்தத்தைக் காட்டி, உன் கண்ணுல படாம ஒளிச்சு வெக்கச் சொல்லிக் கும்புட்டாரு. நானும் போட்டுப் பாத்தேன், இங்க படுத்துக்கினு கீறவன்கூட இத்தப் போட மாட்டான்."