சுடச்சுடக் கைப்பிடித்த கதை

சென்னையில் குளிர் அடிக்கிறது என்று மனதார நம்புகிறவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மார்கழி பிறந்தால் குரங்குக் குல்லா, தை பிறந்தால் மஃப்ளர், மாசியில் வேறு வழியில்லாமல் வெறுந்தலை. என் உடம்பு வாகு அப்படி. (என் மனைவி இதை உடம்பு வாகு என்று ஏற்றுக்கொண்டதில்லை. அவள் சொல்லும் வார்த்தையை இங்கே எழுத முடியாது.)

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தேன். கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. காலை ஷிஃப்டுக்கு இருட்டோடு கிளம்ப வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மோட்டார் சைக்கிளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது தலைக்குக் குல்லா இருந்தது, கழுத்துக்கு மஃப்ளர் இருந்தது, நெஞ்சுக்குச் சட்டைக்குள் செருகிய முந்தின நாள் பேப்பர் இருந்தது. கைக்குத்தான் ஒன்றும் இல்லை. ஒரு தடவை கையுறை போட்டுப் பார்த்தேன். பல்லாவரம் சிக்னலில் ஒரு கான்ஸ்டபிள் என்னை மேலும் கீழும் பார்த்து, ஆபரேஷனை முடித்துவிட்டு வருகிறேனா, இனிமேல்தான் போகிறேனா என்று விசாரித்தார். அதோடு கையுறையை விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பழைய பேப்பர் கடையில் ஒரு வெளிநாட்டு மோட்டார் சைக்கிள் பத்திரிகை கண்ணில் பட்டது. உள்ளே ஒரு படம். சுற்றிலும் பனிக்கட்டி, நடுவில் ஒரு வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறான். காரணம், அவன் வண்டியின் கைப்பிடிக்குள் ஹீட்டர் இருக்கிறது. அவன் பனிமலையில் ஓட்டுகிறான், நான் பல்லாவரத்துத் தோல் தொழிற்சாலை நாற்றத்தில் ஓட்டுகிறேன். எனக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை. பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேராக மெக்கானிக் ஏழுமலையிடம் போனேன்.

ஏழுமலைக்கு முடிச்சூர் ரோட்டில் ஷெட். படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"கை சுடுதுன்னுதான் சார் எல்லாரும் வருவாங்கோ. சுடலன்னு வந்த மொத ஆளு நீதான்" என்றார்.

ஆனால் முடியாது என்று சொல்லவில்லை. ஏழுமலை யாரிடமும் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான்.

இரண்டு பேரும் உட்கார்ந்து சாமான்களைத் தேர்ந்தெடுத்தோம். வெந்நீர் போடும் ஹீட்டரின் காயில் கம்பி ரொம்பத் தடிமன் என்று ஒதுக்கினோம். ஹேர் டிரையர் காயில் பெண்கள் சமாச்சாரம் என்று நான் ஒதுக்கினேன். (எப்பேர்ப்பட்ட ஆண்பிள்ளை!) கடைசியில் செத்துப்போன ஓர் இஸ்திரிப் பெட்டியின் காயில் தேறியது. துணியின் சுருக்கமே போகும்போது உன் குளிர் போகாதா என்று ஏழுமலை கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. நான் பி.காம். எனக்கும் மின்சாரத்துக்கும் இருந்த ஒரே சம்பந்தம் கரண்ட் பில் கட்டுவதுதான். ஆனாலும் சும்மா இருக்க முடியாமல், காயிலைத் துண்டாக வெட்டி நெருக்கமாகச் சுற்றினால் சூடு சீராகப் பரவும் என்று யோசனை வேறு சொல்லிவைத்தேன். ஏழுமலை அதை அப்படியே செய்தார்.

மேலே சுற்ற ரெக்ஸின். கறுப்பா, பச்சையா, மெரூனா என்று முடிவு செய்ய எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. என் அக்கா கல்யாணப் புடவை எடுத்தபோதுகூட இவ்வளவு இழுத்தடிக்கவில்லை. மெரூன் என்று முடிவானதும், நுனியில் குஞ்சம் தொங்கவிடலாமா என்று ஏழுமலை கேட்டார். அதைப் பற்றி நான் யோசித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ரெக்ஸினை ஒட்டுவதற்கு டியூப் பஞ்சருக்குப் போடும் சொல்யூஷன். அந்த டப்பாவைக் கையில் எடுத்ததும் ஏழுமலை கொஞ்சம் கம்பீரமாகிவிட்டார்.

"சொல்யூசன் வெவகாரம் இன்னான்னா சார், ரெண்டு பக்கமும் தடவணும், லேசா சூடு காட்டணும், வச்சி அழுத்தணும். அப்பால ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது."

இந்தப் பாடத்தைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

நாளைக்கு வா, நாளைக்கு வா என்று மார்கழி பூராவும் ஷெட்டிலேயே போய்விட்டது. எந்தக் குளிருக்காக ஹீட்டர் வைத்தேனோ அந்தக் குளிரில் நான் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு மின்சார ரயிலில் போய்வந்தேன். பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வண்டி கைக்கு வந்தது. ஹேண்டில்பாரிலிருந்து ஒரு பெட் சுவிட்ச் தொங்கியது. கட்டிலில் படுத்தபடியே விளக்கணைக்கப் பேரிக்காய் மாதிரி ஒன்று தொங்குமே, அதேதான். சொல்யூஷன் சரியாகக் காயவில்லை, இரண்டு நாள் வண்டியை எடுக்காதே என்றார் ஏழுமலை. சாயங்காலம் பெண் பார்க்கப் போகிறேன் என்றேன். அப்படியானால் சுவிட்சை மட்டும் தொடாதே, ஒன்றும் ஆகாது என்றார்.

பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் சுமதி, குரோம்பேட்டை. ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று மைக் வீல் என்று கத்தியது. மண்டபமே காதைப் பொத்திக்கொள்ள, அவள் மட்டும் கையில் அப்பளத்தோடு வாய்விட்டுச் சிரித்தாள். நான் சாப்பிடுவதை நிறுத்தியவன், மோர் வரும்வரை மறுபடி ஆரம்பிக்கவில்லை. அன்றைக்கே அம்மாவிடம் சொல்லி, அம்மா சபாபதி மாமாவிடம் சொல்லி, மாமா நாயாய் அலைந்து ஜாதகம் வரை கொண்டுவந்துவிட்டார்.

இடையில் நின்றவர் சுமதியின் அப்பா. ஏதோ அரசாங்க அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட். வரதட்சணை, சொந்த வீடு எதைப் பற்றியும் அவர் பேசவில்லை. பையன் அடக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். எனக்கு முன்னால் பார்க்க வந்த ஒருவன் கால்மேல் கால் போட்டு, வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சொஜ்ஜி அடுப்பிலிருந்து இறங்குவதற்குள் அவனை வாசலில் இறக்கிவிட்டார்களாம். அவர் ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அடுத்த வாரம் வேளச்சேரியிலிருந்து வேறொருவன் வருகிறான் என்றும் தகவல் வந்தது.

அம்மாவும் அக்காவும் ஆட்டோவில் முன்னால் போய்விட்டார்கள். மாமா என் பின்னால் ஏறிக்கொண்டார். பூ, பழம், இனிப்பு எல்லாம் போட்ட மஞ்சள் பையை ஹேண்டில்பாரில் மாட்டினார். வழியெல்லாம் உபதேசம். காலை ஆட்டாதே, சிரிக்காதே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்.

தாம்பரம் சானடோரியம் தாண்டியதும் கை கதகதவென்றிருந்தது. வெயில் என்று நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் நன்றாகவே சுட ஆரம்பித்தது. மாமாவிடம் சொன்னேன்.

"மொத தடவைதானேடா, அப்படித்தான் இருக்கும். உங்க மாமியப் பாக்கப் போனப்ப எனக்குக் காது சுட்டுது" என்றார்.

அட, காதல் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். (இருபத்தாறு வயது. பி.காம்.) யாரோ டயரைக் கொளுத்துகிறார்கள் என்று மாமா மூக்கைச் சுளித்தார். குரோம்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திக் கையை எடுத்தேன். கை வந்தது, கூடவே பலாப்பால் மாதிரி இழை இழையாக ஏதோ வந்தது. மஞ்சள் பையைத் தள்ளிப் பார்த்தால், அதற்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் பெட் சுவிட்ச் நசுங்கிக் கிடந்தது. அவசரமாகப் பையை எடுத்து மாமா மடியில் வைத்தேன். பை போனால் சூடும் போய்விடும் என்று நினைப்பு. பெட் சுவிட்சை ஒரு தடவை அழுத்தினால் மறு தடவை அழுத்தும்வரை எரியும் என்பது பி.காமில் வராது.

வீட்டு வாசலில் சுமதியின் அப்பா நின்றிருந்தார். நாலரை மணி வெயிலில் கழுத்தில் மஃப்ளர். எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. என் இரண்டு உள்ளங்கையும் கறுப்பும் மெரூனுமாக, பார்த்தால் கொலை செய்துவிட்டு வந்தவன் கை. கைக்குட்டையை எடுத்தால் அதுவும் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கையை மரியாதையாக மறைக்க ஒரே ஒரு வழிதான் தோன்றியது. இரண்டு கையையும் சேர்த்து, நன்றாக அழுத்தி, "வணக்கம் சார்" என்று ஒரு கும்பிடு போட்டேன்.

ரெண்டு பக்கமும் தடவியாயிற்று. சூடு காட்டியாயிற்று. வச்சி அழுத்தியாயிற்று.

அவரும் கும்பிட்டுவிட்டுக் கையை இறக்கினார். நான் இறக்கவில்லை. மரியாதைக்கு மறுபடி கும்பிட்டார். நானும் கும்பிட்டபடியே நின்றேன். மூன்றாவது தடவை கும்பிடும்போது அவர் முகத்தில் ஒரு நெகிழ்ச்சி தெரிந்தது. செருப்பைக் காலாலேயே கழற்றி, கும்பிட்டபடியே படியேறி, கும்பிட்டபடியே நாற்காலியில் உட்கார்ந்தேன். சம்பளம் கேட்டார், கும்பிட்டபடி சொன்னேன். கையை இறக்குங்க தம்பி என்றார். பரவாயில்லை சார் என்றேன். அம்மா என்னை முறைத்தாள். மாமாவுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் இது நமக்குச் சாதகம் என்று மட்டும் தெரிந்துவிட்டது.

"சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தான் சார். பெரியவங்க முன்னாடி கை தானா சேந்துக்கும்" என்று எடுத்துவிட்டார்.

சுமதியின் அப்பா துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று அவர் தழுதழுத்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அப்போது சுமதி காபித் தட்டோடு வந்து என் முன்னால் நின்றாள். நான் எடுக்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் கொண்டுவந்த காபியை மாப்பிள்ளை தொடவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் அம்மாவின் முகம் கறுத்தது. நான் பதறிப்போய்க் கூப்பிய கையோடு டம்ளரை நெருங்கி, இரண்டு மணிக்கட்டாலும் அதைக் கவ்வப் பார்த்தேன். சுமதி குனிந்து என் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் மெரூன் ரெக்ஸின் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே மண்டபத்துச் சிரிப்பு.

"அப்பா, இது மரியாதை இல்ல. ஒட்டிக்கிச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு கூடத்தில் மண்ணெண்ணெய் வாசனை. நான் முற்றத்தில் உட்கார்ந்திருக்க, சுமதி ஊற்ற ஊற்ற அவள் அம்மா பழந்துணியால் தேய்த்துப் பிரித்தாள். தேய்க்கத் தேய்க்க நான் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். அவள் அப்பா கண்ணை ஒற்றிய துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பசைக்காகக் கண்ணீர் விட்ட மனிதர், பாவம். கடைசியில் மாமாவைப் பார்த்து, "சொல்லி அனுப்பறோம்" என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று பெண் பார்க்கப் போன எல்லோருக்கும் தெரியும். சிரிக்கிற பெண் வேளச்சேரிக்குப் போகப்போகிறாள், நான் மண்ணெண்ணெய் வாசனையோடு தாம்பரத்துக்குப் போகப்போகிறேன்.

நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தேன். என் வண்டி பக்கத்தில் சுமதியின் அப்பா தனியாக நின்றிருந்தார். ஒரு கையைக் கைப்பிடிமேல் வைத்திருந்தார். அப்புறம் இன்னொரு கையையும் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். காலையில் ஸ்கூட்டரில் போகும்போது விரலெல்லாம் மரத்துப்போகிறது, வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள் என்று என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எனக்கும் அப்படித்தான் சார். யாருமே நம்ப மாட்டேங்கறாங்க" என்றேன். சத்தியமாக எனக்குக் கண் கலங்கியது.

"ஸ்கூட்டருக்கு வைக்க முடியுமா தம்பி?"

"ஏழுமலை முடியாதுன்னு சொல்ல மாட்டார் சார்."

அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. குளிரைப் பற்றி, மஃப்ளரில் எது நல்லது என்பது பற்றியெல்லாம் பேசினோம். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"சுமதி, அந்த மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டாம்மா."

ஹீட்டர் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவருடைய இரண்டு கையும் என் வண்டியில் ஒட்டியிருக்க, தெருவில் நின்றபடிதான் மாமா நிச்சயதார்த்த நாளைப் பேசி முடித்தார். ஓடிப்போக முடியாத சம்பந்தியிடம் பேசுவது எவ்வளவு சௌகரியம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண மேடையில் ஐயர் பெண்ணின் கையைப் பிடிக்கச் சொன்னபோது, என் மாமனார் மஃப்ளரோடு குனிந்து, "சுவிட்ச் ஆஃப்தானே?" என்று கவலையாகக் கேட்டார். அவர் ஸ்கூட்டருக்கும் ஏழுமலை ஹீட்டர் வைத்தார். அன்றிலிருந்து அதில் ஹார்ன் அடிக்கவில்லை. அதைப் பற்றி மாமனார் கடைசிவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

இன்றைக்கும் எங்கள் குடும்ப விசேஷம் எதிலாவது நான் யாருக்காவது வணக்கம் சொன்னால் போதும், "பிரியுதா?" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். என் பெண்கூடத் தன் மாமியார் முன்னால் அப்படிக் கேட்டுவிட்டாள். நான் உடனே கையை விரித்துக் காட்டியாக வேண்டும். போன வாரம் எனக்கும் சுமதிக்கும் மஃப்ளர் விஷயமாக ஒரு சண்டை. கோபத்தில் நான், இப்படிப்பட்டவனோடு முப்பது வருஷத்துக்கு மேல் எப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறாயோ என்று கேட்டுவிட்டேன்.

அவள் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "என்ன பண்றது? ரேஷன்ல மண்ணெண்ணெய நிறுத்திட்டானே."