மாப்பிள்ளை கொடுத்த கார் ஒழுகுவது பற்றி

பிள்ளைப்பாக்கம்,
ஐப்பசி 27

குன்றத்தூரில் குடியிருக்கும் மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஸ்ரீதர் அவர்களுக்கு,

மாமனார் தணிகாசலம் தன் கையால் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை சரோஜாவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் என் மகள் சசிரேகாவும் பேத்தியும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் கொடுத்த கார் சுகமாக இல்லை. வரும் கார்த்திகை இரண்டாவது ஞாயிறு பேத்திக்குக் காது குத்த, நாங்கள் இந்தக் காரில் சீர்த்தட்டோடு குன்றத்தூர் மலைக் கோயிலுக்கு வந்து சேர்வோம் என்று நினைத்திருப்பீர்கள். வர மாட்டோம். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அறுபத்தெட்டு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. ஜாஸ்மின் டீச்சர் நடத்தும் மாலை வகுப்பில் போன மாதம்தான் முழு வாக்கியத்துக்கு வந்தேன். மனதில் இருப்பதை எழுதிப் பார்த்தால் கோபம் ஆறும் என்று டீச்சர் சொன்னார். எனக்கு ஆறவில்லை, வரிக்கு வரி கூடுகிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. போனில் பேசினால் "கம்பெனி லைன்ல இருக்கேன் மாமா, அப்புறம் கூப்புடுறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அதோடு, மாப்பிள்ளையை எதிரில் உட்கார வைத்துக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கைக்கு அந்தக் கூச்சம் இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மாசி மாதம் நீங்கள் புதுக் கார் எடுத்தபோது, பன்னிரண்டு வருடம் ஓடிய பழையதைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தி, "இனிமே நீங்க யாரையும் எதிர்பாக்க வேணாம் மாமா, நெனச்சா கெளம்பி வந்துடலாம்" என்றீர்கள். டிராக்டர் ஓட்டிய எனக்குக் கார் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. வெயில் காலம் முழுவதும் நான் வாய் திறக்கவில்லை. ஏசி ஓடாததை ஒரு குறையாக நான் நினைக்கவே இல்லை. ஆவணியில் முதல் பெரிய மழை பெய்தது. காலையில் கதவைத் திறந்தால் முன் சீட்டில் இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கிறது, உங்கள் அத்தையின் செருப்பு அதில் மிதக்கிறது. போன் செய்தேன். "ஏசி தண்ணியா இருக்கும் மாமா" என்றீர்கள். ஓடாத ஏசி ராத்திரியில் இரண்டு வாளி தண்ணீர் விடும் என்று, சொன்னவர் மாப்பிள்ளை என்பதால், நானும் நம்பினேன். துணியால் ஒற்றி எடுத்தேன். மறுபடி மழை, மறுபடி இரண்டு வாளி. மேலே இருக்கும் விரிப்புக் காய்ந்தாலும் அடியில் இருக்கும் பஞ்சு காயவில்லை. கோழிக்கு வாங்கி வந்த நெல் அதில் கொஞ்சம் சிந்தியிருந்தது, பத்தாவது நாள் விரல் உயரத்துக்கு முளைத்து நின்றது. வல்லம் வடகாலில் என் நிலம் கம்பெனிக்குப் போன பிறகு இந்தப் பக்கம் நான் பார்த்த நாற்று அது ஒன்றுதான். எனக்குப் பிடுங்க மனம் வரவில்லை. உங்கள் அத்தை பிடுங்கினாள்.

உங்கள் வேலை என்ன என்பது எனக்கு மறக்கவில்லை மாப்பிள்ளை. கம்பெனியில் புதுக் காரை மழை மாதிரி தண்ணீர் கொட்டும் அறைக்குள் விட்டு, உள்ளே ஒரு சொட்டாவது இறங்கியிருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்கும் வேலை. பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அப்பா அதைத்தான் பெருமையாகச் சொன்னார். ஊர் பேர் தெரியாதவன் வாங்கும் காரில் ஒரு சொட்டு இறங்க விடாதவர், மாமனாருக்கு ஒரு தொட்டியை அனுப்பி வைத்திருக்கிறீர்கள்.

தண்ணீரோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். அது ஒயர்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இடது பக்கம் திரும்ப விளக்குப் போட்டால் உள் விளக்கு எரிந்தது. கண்ணாடியை இறக்கினால் இறங்கியது, ஏற்றினால் ஏறவில்லை. புரட்டாசியில் ஒரு நாள் ஒரகடம் ரோட்டில் கம்பெனி விடும் நேரத்தில் மழை பிடித்தது, வைப்பரைப் போட்டேன், ஹாரன் அடித்தது. வைப்பரை நிறுத்தினால் ஹாரன் நின்றது, ஆனால் ரோடு தெரியவில்லை. ரோட்டைப் பார்ப்பதா மானத்தைப் பார்ப்பதா என்று யோசித்து, உயிருக்குப் பயந்து வைப்பரையே போட்டேன். முன்னால் நின்ற கம்பெனி பஸ்ஸிலிருந்து டிரைவர் நனைந்தபடி இறங்கி வந்தான். "யோவ் பெருசு, இன்னாத்துக்கு இப்டி அடிச்சினே கீற? மேல ஏறி பூடுவியா?" என்றான். "நான் அடிக்கலப்பா, அதுவா அடிக்குது" என்றேன். "அதுவா அடிக்குதா? அப்ப இன்னா வோணுமாம், கேட்டு சொல்லு" என்றான். அவன் நம்புவதற்காக இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். போலீசில் பிடிபட்டவன் மாதிரி நான் கை தூக்கி உட்கார்ந்திருக்க, கார் தன்பாட்டுக்கு அலற, யூனிபாரம் போட்ட பெண் பிள்ளைகள் பஸ் ஜன்னல் முழுவதும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டிரைவர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துவிட்டு, "வித்துடு பெருசு" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் பேச்சில் மரியாதை இல்லை, ஆனால் அறிவு இருந்தது.

இதையும் உங்களுக்குச் சொன்னேன். "உள்ள ஒரு ஆள உக்கார வெச்சி, நாலு கதவையும் சாத்திட்டு, வெளிய இருந்து தண்ணி அடிங்க மாமா. எங்க இறங்குதுன்னு தெரிஞ்சிடும்" என்றீர்கள். போன ஞாயிறு அதைச் செய்தேன். டார்ச்சைக் கையில் கொடுத்து உங்கள் அத்தையைப் பின் சீட்டில் உட்கார வைத்தேன், விளக்குகளையும் பார்க்கலாம் என்று சாவியை முன்னால் அதன் இடத்திலேயே விட்டேன், மோட்டாரைப் போட்டுக் குழாயைப் பிடித்தேன். ஐந்து நிமிஷத்தில் டக்கென்று நான்கு கதவும் தாமாகப் பூட்டிக்கொண்டன. மோட்டார் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை. உங்கள் அத்தை உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டினாள். தண்ணீர் இறங்கும் இடத்தைக் காட்டுகிறாள் என்று நினைத்து அங்கேயே இன்னும் நன்றாக அடித்தேன். அவள் இன்னும் வேகமாகத் தட்டினாள். கெட்டிக்காரி, சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம். பக்கத்து வீட்டுச் செல்லம்மாள்தான் வந்து, "இன்னாண்ணே, அண்ணிய கழுவி வெக்கிறியா?" என்று கேட்டு மோட்டாரை நிறுத்தினாள். பின் கதவு உள்ளிருந்து திறக்காது. பேத்தி திறந்துவிடாமல் இருக்க நீங்கள் போட்ட குழந்தைப் பூட்டு. அறுபத்து மூன்று வயதில், மூட்டு வலியோடு, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே நுழைந்து டிரைவர் கதவு வழியாக உங்கள் அத்தை வெளியே வர இருபது நிமிஷம் ஆனது. வரும் வழியில் முழங்கை ஹாரனில் பட்டது. அதுவரை அடித்த ஹாரன் எல்லாம் யாரும் தொடாமல் அடித்தது, இது தொட்டும் அடிக்கவில்லை.

இறங்கி நின்று புடவையைப் பிழிந்துகொண்டே அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "யோவ், இந்தத் தொட்டில இனிமே நான் கால் வெக்க மாட்டேன். மாப்ள வந்து கூட்டினு போனா காதுகுத்துக்கு வரேன். இல்லன்னா சீர்த்தட்ட பஸ்ல அனுப்பிட்டு நான் வூட்டுலயே கீறேன்." அவள் வராமல் நான் மட்டும் வர முடியாது. சசிரேகாவுக்கு அண்ணன் தம்பி இல்லை, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் நான். மடி வராமல் காது எப்படிக் குத்துவீர்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கார் உங்களிடம் இருந்தவரை மாதத்தில் இரண்டு ஞாயிறு நீங்கள் இங்கே வந்தீர்கள். சசிரேகா சமையலறையில் அவள் அம்மாவோடு சண்டை போடுவாள், பேத்தி கோழியைத் துரத்துவாள், நீங்கள் கட்டிலில் படுத்துத் தூங்குவீர்கள், சாயங்காலம் எங்களையும் ஏற்றிக்கொண்டு குன்றத்தூர் போவீர்கள். காரைக் கொடுத்த நாளிலிருந்து எட்டு மாதத்தில் ஒரு தடவை வந்தீர்கள், அதுவும் மறந்துபோன ஸ்டெப்னி டயரைக் கொடுக்க. தீபாவளிக்குக் கம்பெனியில் ஓ.டி. என்றீர்கள். கேட்டால் "வண்டிதான் உங்ககிட்டயே இருக்கே மாமா" என்கிறீர்கள். நாங்கள் வருவதற்காக இதைக் கொடுத்தீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். நீங்கள் வராமல் இருப்பதற்காகக் கொடுத்தது என்று இப்போது தெரிகிறது. இதை வாயால் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். எழுத்தில் நேராகத்தான் நிற்கிறது.

ஆகவே காதுகுத்து ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீங்களே வந்து எங்களை அழைத்துப் போகவும். நீங்களும் உங்கள் புதுக் காரும் எந்த மழையிலும் நனையாமல் பல்லாண்டு இருக்க வேண்டும். பேத்திக்கு எங்கள் முத்தம்.

இப்படிக்கு,
தணிகாசலம் (கைரேகை இல்லை, கையெழுத்து)

பின்குறிப்பு: மேலே எழுதியதை முடித்து உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்றாள். அதன் பிறகு மதியம் மெக்கானிக் ஐயனார் வந்தார். வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். மழைத் தண்ணீர் வெளியே போக அங்கே இரண்டு ஓட்டை உண்டாம், இரண்டையும் யாரோ எம்சீல் வைத்துக் கல் மாதிரி அடைத்திருக்கிறார்கள். "தண்ணி போற வழிய அடைச்சிட்டா அது எங்க போவும்? உள்ளதான் வரும். எந்த மேதாவி பாத்த வேலை இது?" என்று கேட்டார். உங்கள் அத்தை பக்கத்திலேயே நின்றாள். நான் வானத்தைப் பார்த்தேன். அடைத்தது நான்தான் மாப்பிள்ளை. கார் வந்த மறுநாள், எலி புகுந்துவிடும் என்று, ஒரு முழு டப்பா வைத்து அடைத்தேன். நாற்பது வருடம் வயலில் வடிகால் வெட்டிய கை இது. ஐயனார் ஓட்டையைத் திறந்து, ஒயர்களைத் துடைத்துக் காயவைத்துக் கட்டினார். சாயங்காலம் நல்ல மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. வைப்பர் மட்டும் ஆடுகிறது, ஹாரன் சும்மா இருக்கிறது. இந்தப் பகுதியை நான் அத்தைக்குப் படித்துக் காட்டப் போவதில்லை, அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவசியம் வந்துவிடுங்கள். கார் ஓடுகிறது என்று அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம். அத்தை கேட்டால், அடைத்தது நீங்கள்தான்.