எட்டண்ணனுக்கு விழுந்த ஒரே அபராதம்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் சாலை விதிகளை முழுமனதோடு நம்புகிறவர் ஒரே ஒருவர்தான். அவற்றை எழுதியவர்களுக்கே அந்த அளவு நம்பிக்கை இருக்குமா என்பது சந்தேகம். சம்பளச் சீட்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. தேர்வாய் கண்டிகையில் எங்கள் தொழிற்சாலை முழுவதற்கும் அவர் எட்டண்ணன்.

லைசென்ஸ் வாங்க எட்டுப் போட வேண்டும் அல்லவா, அதில் ஐந்து முறை காலை ஊன்றித் தோற்றவர் அவர். ஆறாவது முறைக்கு முன்னால் ஒரு மாதம், சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனுக்குப் பின்னால் வண்டியே இல்லாமல் நடந்து எட்டுப் போட்டுப் பழகினார். ஹேண்டில்பாரைப் பிடித்த மாதிரி இரண்டு கையும் நீண்டிருக்கும். திருப்பத்தில் இடுப்பைச் சாய்ப்பார். புதிதாக வந்த எச்.ஆர். மேடம் அதைப் பார்த்துவிட்டு, இவருக்கு இரண்டு நாள் லீவு கொடுக்கலாமா என்று அக்கறையாக விசாரித்தார்.

நாற்பத்து மூன்று வயதில் இத்தனை பாடு எதற்கு என்றால், தொழிலாளர்களை ஏற்றி வரும் ஷிப்ட் வேன் ஓட்டும் வேலைக்காக. எங்கள் மேனேஜர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பைக்குக்கும் வேனுக்கும் லைசென்ஸ் வாங்கி, அதன்பின் ஒரு வருஷம் ஒரு அபராதம்கூட விழாமல் ஓட்டிக் காட்டினால் வேன் சாவி கைக்கு வரும். விழுந்தால் கிடையாது. எட்டண்ணனோ பெயின்ட் பிரிவில் பதினாலு வருஷமாக நின்றுகொண்டிருப்பவர்.

“நின்னுக்கினே காலு மரத்துப் போச்சு நைனா. ஒக்காந்து ஒரு வேலை செய்யணும், அவ்ளோதான்,” என்பார்.

ஆறாவது முறை காலை ஊன்றாமல் தேறினார், வேன் லைசென்ஸும் வந்தது, வருஷம் தொடங்கியது. புதுவாயலில் பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் தினமும் அவர் வண்டியின் பின்சீட்டு எனக்குத்தான். எனவே நான் பட்டதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

எங்கள் பக்கத்தில் ஹெல்மெட் என்பது தலைக்கு அல்ல, கம்பெனி கேட்டுக்கு. அது இல்லாமல் செக்யூரிட்டி உள்ளே விட மாட்டார் என்பதால் வழியெல்லாம் முழங்கையில் தொங்கிக்கொண்டு வரும், கடைசி வளைவில்தான் தலைக்கு ஏறும். எட்டண்ணன் வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்வார். எனக்கும் மாட்டிவிட்டு, வார் பூட்டிய சத்தம் காதில் விழுந்தால்தான் கிளப்புவார்.

ஹைவேயில் டீக்கடை கண்ணெதிரே தெரியும். முறையாகப் போவதென்றால் வெகுதூரம் போய்த் திரும்பி வர வேண்டும். ஊரே எதிர்த்திசையில் ஓரமாக உருட்டிக்கொண்டு வந்துவிடும். எட்டண்ணன் சுற்றித்தான் போவார். நாங்கள் போய்ச் சேரும்போது வடை தீர்ந்திருக்கும். ஒருநாள் சிவப்பு விளக்கில் நின்றவரை ஒரு போலீஸ்காரர் கை காட்டிப் போகச் சொன்னார். இவர் நகரவில்லை. விளக்கைவிடத் தன் கைதான் பெரியது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது. பின்னால் நின்ற லாரிக்காரர் எங்கள் இருவரின் குலத்தையும் விசாரித்துவிட்டுப் போனார்.

இப்படியே பதினோரு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அவரிடம் வண்டி கேட்டேன். பிரியாணி வாங்க வேண்டும். தன் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, வார் பூட்டி, சாவி கொடுத்தார். கடை எதிர்ப்பக்கம் இருந்தது, கடை முன்னால் கூட்டமும் இருந்தது. நானும் ஊரைப் போலவே எதிர்த்திசையில் போனேன்.

நாலு நாள் கழித்து அவர் போனுக்கு அபராதச் செய்தி வந்தது, படத்தோடு. எதிர்த்திசையில் ஒரு வண்டி, அவருடைய நம்பர், அவருடைய ஹெல்மெட். முகம் தெரியவில்லை. ஆனால் முதுகில் எங்கள் கபடி டீம் பெயர் பளிச்சென்று இருந்தது. அவர் கபடி ஆடுவதில்லை.

என்னிடம் வந்து சண்டை போடவில்லை. “லைசென்ஸ கொஞ்சம் காட்டு நைனா,” என்றார்.

கடைக்காரரிடமும் பால்காரரிடமும்கூட லைசென்ஸ் இருக்கிறதா என்று விசாரிப்பவர், அதுவரை என்னிடம் மட்டும் கேட்டதில்லை. இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தேன், அதை நம்பிவிட்டார். நான் எடுத்துக் காட்டியது போன வருஷமே காலாவதியான எல்.எல்.ஆர். அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

மறுநாள் மேனேஜர் அறைக்கு அவரே போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். யார் ஓட்டியது என்று மேனேஜர் கேட்டார்.

“நான்தான் சார். பிரியாணி தீந்துடுமேன்னு எதிர்ல வண்டிய வுட்டுட்டேன்.”

மஞ்சள் காமாலை வந்த நாளிலிருந்து கறி தொடாத மனிதர். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள், ஆனால் அவர் கறி தொடாத சங்கதி மேனேஜருக்குத் தெரியாது. வேன் வேறொருவருக்குப் போனது. எட்டண்ணன் பெயின்ட் பிரிவுக்கே திரும்பிப் போய் நின்றார்.

உள்ளே போய் உண்மையைச் சொல்கிறேன் என்று அன்று சாயங்காலம் அவரிடம் கெஞ்சினேன்.

“லைசென்ஸ் இல்லாம ஓட்டுனான்னு ஒம்மேல எழுதிக்கினா நீ எப்ப நைனா வண்டி எடுப்ப? எனக்கு இன்னா, இன்னொரு வருஷம் நின்னுக்கிறேன்,” என்றார். சொன்னதோடு விடாமல், மறுநாளிலிருந்து கேன்டீனுக்குப் பின்னால் என்னை எட்டுப் போட்டு நடக்க வைத்தார். எச்.ஆர். மேடம் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. வந்ததும் அதை முதலில் அவரிடம்தான் காட்டினேன். பெயர், தேதி, போட்டோ எல்லாம் சரிபார்த்து, ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாத ஏமாற்றத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

எங்கள் மேனேஜர் இந்தப் பத்திரிகையை விடாமல் வாசிப்பவர். சார், அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டியது நான்தான். என்ன தண்டனையோ என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். வேனை எட்டண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். ஷிப்டுக்குத் தினமும் பத்து நிமிஷம் தாமதமாக வருவோம், சார். ஆனால் எல்லோரும் வந்து சேர்ந்துவிடுவோம்.