போன வாரம் நாலாமிடம்

டாப் டென் ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. தொண்ணூறுகளில் வாரம் ஒருமுறை பத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்தி, பத்தாமிடத்தில் தொடங்கி முதலிடம்வரை இழுத்துக்கொண்டு போன தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்து, நிகழ்ச்சி நின்று இத்தனை காலம் ஆனபிறகும் தான் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பவர். பெரும்பாலும் ஆண். தலை நரைத்திருக்கும், கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கும். உங்கள் பிறந்தநாளைக் கேட்பார். வாழ்த்துவதற்கு என்று நம்பிவிடாதீர்கள். நீங்கள் பிறந்த வாரம் எந்தப் பாட்டு முதலிடம் என்று சொல்வதற்கு.

ஊர் சுற்றினால் உலகம் புரியும் என்கிறார்கள். சில வருடம் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். எனக்குப் புரிந்தது இவர் இல்லாத நாடு இல்லை என்பதுதான். துறைமுக விடுதியில் அறைச் சாவி கொடுத்தவர் இவர். மலைப்பாதைப் பேருந்தில் என் தோளில் தூங்கி, விழித்ததும் ஆறாமிடத்தில் தொடங்கியவர் இவர். ஓர் ஊரில் என் பல்லைப் பிடுங்கியவரும் இவரே. நான் வாயைத் திறந்தபடி கிடந்ததால் மறுத்துப் பேச முடியவில்லை, அது அவருக்கு மிகவும் வசதியாக இருந்தது. மொழி வேறு, பாட்டு வேறு. ஆனால் எல்லா நாட்டிலும் பத்துதான். எல்லா நாட்டிலும் பெரிய காதணி போட்ட ஒரு பெண்தான் வாசித்தாள். எல்லா நாட்டிலும் முதலிடத்துக்குச் சற்று முன்னால் சோப்பு விளம்பரம் வந்தது.

இவ்வளவு தூரம் ஓடிக் களைத்து, கடைசியில் என் அத்தை வீட்டு நடு அறையில் பெட்டியை இறக்கினால், சோபாவில் யார் உட்கார்ந்திருக்கிறார்? என் மாமா.

"வா வா. நீ ஊரை விட்டுப் போனது எந்த வருஷம்?"

சொன்னேன்.

"அப்ப நிகழ்ச்சி நின்னு ரொம்ப நாளாச்சு. உனக்கு ஒண்ணும் நஷ்டமில்லை, உக்காரு."

மாமா லிஃப்ட் பழுது பார்ப்பவர். வாழ்நாள் முழுக்கப் பத்தாவது மாடியிலிருந்து எண்களைக் கீழே கீழே கொண்டுவருவதே வேலை என்பதால், தொழிலும் நோயும் ஒன்றாகப் பொருந்திவிட்ட பாக்கியசாலி. எதையும் அவர் முதலிலிருந்து சொல்லமாட்டார், கடைசியிலிருந்துதான் வருவார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் இருந்த காசு போடும் போனில் மாமனாருக்குச் செய்தி சொன்னார். பத்தாமிடத்தில் வாசல் நெரிசல், ஒன்பதில் பார்க்கிங், எட்டில் நர்ஸம்மாவின் தங்கமான குணம் என்று ஏறிக்கொண்டே வந்து, மூன்றாமிடத்தில் குழந்தையின் எடையைச் சொன்னார். அதோடு போன் துண்டித்துக்கொண்டது. பிறந்தது ஆணா பெண்ணா, தாய் எப்படி இருக்கிறாள் என்ற விவரங்கள் அந்தக் குடும்பத்துக்கு மாலையில்தான் தெரிந்தன. நர்ஸம்மாவின் குணத்தை மட்டும் காலையிலிருந்தே பாராட்டிக்கொண்டிருந்தார்களாம்.

முதலிடத்தைச் சொல்வதற்கு முன்னால் நிறுத்துவார். "ஒரு சின்ன இடைவேளைக்குப் பிறகு" என்பார். எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பார். குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவியும் வைப்பார். குடியிருப்பு முழுவதும் அவருக்கு 'இடைவேளை' என்றுதான் பெயர். காலையில் டீயைக் கையில் வாங்கி ஒரு மடக்கு குடித்ததும், "போன வாரம் நாலாமிடம், இந்த வாரம் ரெண்டு" என்பார். முடிவெட்டுபவரிடமும் அதையே சொல்வார். மூன்றாம் மாடிக்காரரின் சாவு வீட்டிலும் கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டு வாயைத் திறந்தார். அத்தை தொடையில் கிள்ளியதால், அந்த அமரர் எத்தனையாவது இடம் என்பது கடைசிவரை தெரியாமலே போயிற்று.

இத்தனைக்கும் மாமா ஒரு பாட்டையாவது முணுமுணுத்து யாரும் கேட்டதில்லை. பல்லவியில் இரண்டு வரி கேட்டால் விழிப்பார். பாட்டு எதற்கு? இடம் தெரிந்தால் போதாதா?

அவருடைய எல்லாக் கதைகளுக்கும் முதலிடம் ஒரு கதைக்குத்தான். கல்யாணம் பேச அவர் முதன்முதலாக அத்தையின் வீட்டுக்குப் போன மாலை. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி நாள். அந்த வாரம் முதலிடத்தில், ஒரே குடைக்குள் இரண்டு பேர் நனைகிற மழைப் பாட்டு. "அந்தப் பாட்டு வர்றப்பதான் உங்க அத்தை டீயோட வந்தா. நான் முடிவு பண்ணிட்டேன்." இதை நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே மனப்பாடம் செய்துவிட்டேன். கேட்கும்போதெல்லாம் அத்தை எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார்.

வந்தது வெள்ளி விழா. இருபத்தைந்தாவது திருமண நாளைக் குடியிருப்பின் கீழ்த்தளப் பொது அறையில் நடத்துவது, இருவரும் கைகோத்து உள்ளே வரும்போது அந்த மழைப் பாட்டை ஒலிபெருக்கியில் போடுவது என்று மகள் ஏற்பாடு செய்தாள். நாற்காலி போடுவதைப் பற்றிப் பேச நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர். அவரும் அதே இனம். ஒரு குடியிருப்பில் இரண்டு இருந்தால் என்ன ஆகும்?

"மழைப் பாட்டா?" என்றார் மருந்துக்கடைக்காரர், மாத்திரை எண்ணுகிற நிதானத்தில். "அந்த வாரம் அது மூணாமிடத்துக்கு எறங்கிடுச்சே சார். முதலிடம் கழுதைப் பாட்டு."

கழுதைப் பாட்டு என்பது கதாநாயகன் கழுதைமேல் வால்பக்கம் பார்த்து உட்கார்ந்து சந்தைக்குள் வருகிற பாட்டு.

மாமா எழுந்து நின்றுவிட்டார். "கல்யாணம் பேசப் போன அன்னிக்கு, கழுதைப் பாட்டா?"

"நீங்க போறது கழுதைக்குத் தெரியாதுல்ல சார்."

"யோவ், நான் நேர்ல பாத்தேன்யா!"

"நானும் நேர்லதான் பாத்தேன். எங்க வீட்ல."

"தப்புன்னு ஆச்சுன்னா, இனிமே இந்த டாப் டென் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன். ஆயுசுக்கும்!"

"நான் சொன்னது தப்புன்னா நானும் திறக்கமாட்டேன்."

அறை அமைதியானது. அந்த அமைதி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு சாம்பிள் கிடைத்தது. மிகவும் நன்றாக இருந்தது.

சாட்சி ஒருவர்தான்: அத்தை. எல்லோரும் திரும்பினார்கள். அத்தை மேசையைத் துடைத்து முடித்துவிட்டு, "விழா அன்னிக்குச் சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அத்தைக்கு வந்த மரியாதை, தேர்தல் நேரத்து வாக்காளருக்குக்கூட வராது. மகள் சமையலறை வாசலில் நின்று, "அம்மா, ஒரே ஒரு தடவை கழுதைன்னு சொல்லிடும்மா. என் வாழ்நாள்ல வேற எதுவும் கேக்கமாட்டேன்" என்று கெஞ்சினாள். பக்கத்து வீட்டம்மா கேக் கொண்டுவந்தார். என் அப்பா போன் செய்து, "அக்கா, கடவுளாப் பாத்துக் குடுத்த சந்தர்ப்பம்" என்றார்; அந்த மாலை தான் வேலைப் பரீட்சைக்கான வகுப்புக்குப் போய்விட்டதற்காக, படித்துப் பெரிய வேலைக்குப் போன என் அப்பா முதன்முறையாக வருத்தப்பட்டார். மருந்துக்கடைக்காரரின் மனைவி மட்டும் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, எதிர்த்திசையில் கெஞ்சினார். "மழைன்னே சொல்லிடுங்க அக்கா. என் வீட்லயும் ஒரு மனுஷன் இருக்கார், பாத்துக்குங்க."

அத்தை எல்லோருக்கும் டீ கொடுத்தார். யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

மாமாவைத்தான் எனக்குப் புரியவில்லை. கதையில் அவ்வளவு உறுதியாக இருந்தவர், டீயை வாங்கிச் சும்மா குடித்தார். இடம் எதுவும் கொடுக்கவில்லை. லிஃப்டில் என்னோடு இறங்கும்போது, எண்கள் குறைவதைப் பார்த்துக்கொண்டே, "உங்க அத்தைக்கு ஞாபகம் இருக்கும்கிற?" என்றார்.

"உங்களுக்கே இருக்கே மாமா."

"எனக்கா? எனக்கு இருக்கு, இருக்கு" என்றார். தரைத்தளம் வந்தும் இறங்காமல் நின்றார்.

விழா நாளில் பொது அறை நிரம்பி வழிந்தது. திருமண நாளுக்காக அத்தனை பேர் வரவில்லை என்பதை மறைக்கக்கூட யாரும் முயலவில்லை. மகள் போனில் இரண்டு பாட்டுகளையும் தயாராக வைத்திருந்தாள். கழுதைப் பாட்டின்மேல் கட்டைவிரல் இருந்தது. மருந்துக்கடைக்காரர் முதல் வரிசையில். மாமா மேடையருகில் கையைக் கட்டிக்கொண்டு, தண்டனை கேட்க நிற்கிறவர்போல நின்றார்.

அத்தை மைக்கை வாங்கினார். இரண்டு முறை தட்டினார்.

"பத்தாமிடம்," என்றார், "ரயில் பாட்டு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "ஒன்பதாமிடம், போன வாரம் ஏழுலேர்ந்து எறங்கினது, தாலாட்டு." மருந்துக்கடைக்காரரின் வாய் மெதுவாகத் திறந்தது. எட்டு, ஏழு, ஆறு. எது ஏறியது, எது இறங்கியது, எது அந்த வாரம்தான் புதிதாக நுழைந்தது. அந்தப் பெரிய காதணிப் பெண்ணின் அதே ஏற்ற இறக்கத்தில், சமையலறையைத் தாண்டி அதிகம் பேசிக் கேட்டிராத என் அத்தை சொல்லிக்கொண்டே போனார். மருந்துக்கடைக்காரர் விரல்விட்டுச் சரிபார்த்தார். "சரி... இதுவும் சரி..." என்று அவர் முனகியது எனக்குக் கேட்டது. "மூணாமிடம், கழுதைப் பாட்டு" என்றதும் அவர் விரல் நின்றது. பத்தாமிடம் தொட்டு ஒன்றுகூடத் தவறாதவர் இதில் மட்டும் தவறுவாரா? மனிதர் தன் விரலையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார். "ரெண்டாமிடம், கடிகாரப் பாட்டு."

அத்தை நிறுத்தினார்.

"ஒரு சின்ன இடைவேளைக்குப் பிறகு," என்றார். தண்ணீர் குடித்தார். நிதானமாகக் குடித்தார். அந்த அறையில் மின்விசிறிகூடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியது என்றே நினைக்கிறேன்.

"முதலிடம், மழைப் பாட்டு."

மகள் கட்டைவிரலை நகர்த்த மறந்து, கழுதைப் பாட்டு நாலு விநாடி ஓடியபிறகுதான் மழை வந்தது. மாமா அத்தையைப் பார்த்தார். கை தட்ட வேண்டிய இடத்தில் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் துடைத்தார். மருந்துக்கடைக்காரர் எழுந்துவந்து மாமாவுக்குக் கை கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார், வாக்கு மாறாதவர். அவர் மனைவி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். பாட்டு அப்படி உருக்கிவிட்டது என்று நினைத்தார்கள்.

மறுநாள் காலை அத்தையோடு தம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நிஜமாவே மழைப் பாட்டா அத்தை?"

"கழுதைப் பாட்டுதான்."

கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தேன்.

"அஞ்சாமிடத்தோட எங்கப்பா டிவியை அணைச்சிட்டார். 'சரி தம்பி, விஷயத்துக்கு வாங்க'ன்னு. இவர் மிச்சத்தைப் பாக்கவே இல்லை. அதுக்கு முந்தின வாரம் மழைப் பாட்டு முதலிடம், அதனால இதுவும் அதுதான்னு இவரா வச்சுக்கிட்டார். நான் டீ போடறப்ப சமையலறை ஜன்னல்ல எதிர் வீட்டு டிவி தெரிஞ்சுது. கழுதை போய்க்கிட்டிருந்துது."

"அப்ப ஏன் மாத்திச் சொன்னீங்க? ஒரு வார்த்தை, ஆயுசுக்கும் நிம்மதி!"

அத்தை குழாயை மூடினார். "நடுவுல ஒரு தடவை லிஃப்ட் கம்பெனிய மூடிட்டாங்க, ஞாபகம் இருக்கா? நீ சின்னப் பொண்ணு. ரொம்ப நாளைக்கு வேலை கிடைக்கலை. சுவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பார். டீ குடுத்தா வாங்கி வச்சிடுவார், ஆறிப்போயிடும். பேச்சு கெடையாது. ஒரு நாள் எனக்கு பயம் வந்து, வேணும்னே தப்பா சொன்னேன். 'மழைப் பாட்டு முதலிடத்துக்கு வந்துச்சே, அதுக்கு முந்தி மூணுல தானே இருந்துச்சு'ன்னு. மெதுவாத் திரும்பினார். 'போன வாரம் நாலாமிடம்'னார். அன்னிக்குத்தான் ரெண்டு வாய் சாப்பிட்டார்."

கழுவிய தம்ளரையே மறுபடி கழுவினார்.

"அமைதி நல்லாத்தான் இருக்கும். நீ பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவ. என் பொண்ணு கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிடுவா. அதோட குடித்தனம் பண்ணப்போறது நான்ல?"

அப்போது நடு அறையிலிருந்து மாமாவின் குரல், பழைய தெம்போடு வந்தது. "டீ இன்னிக்கு நேரா ஆறாமிடத்துல புதுசா நுழைஞ்சிருக்கு! சக்கரை போடலை!"

"வர்றேன், இருங்க," என்றார் அத்தை. சர்க்கரை டப்பாவைத் திறந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். மறந்துபோய்ச் சர்க்கரை போடாமல் விட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே வாசகரே, இந்த இனத்தை அடையாளம் கண்டு விலகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வாய் திறக்கிற வகையைக் கண்டுபிடிப்பது சுலபம். துடைத்துக்கொண்டே இருக்கிற வகையை என்ன செய்வீர்கள்? உங்களையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எந்தப் பாட்டின் பெயரையும் சொல்லவில்லை; ஒரு வரி பாடிக் காட்டவில்லை. மழைப் பாட்டு என்றேன், அவ்வளவுதான். உடனே உங்களுக்குள் ஒன்று ஓட ஆரம்பித்ததா இல்லையா? அது எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாய் துறுதுறுக்கிறதா?

சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் பதில் சொல்லாமல் மேசையைத் துடைத்தால் மட்டும், ஏன் என்று கேட்காதீர்கள். அவருக்குச் சரியான விடை தெரிந்திருக்கலாம்.