பூட்டிய குழாயும் பத்தொன்பதாம் ஷரத்தும்

ஆர்.கே.புரம், புது டில்லி
20-5-1980

ஜெனீவாவில் டைப்பிஸ்ட் உத்தியோகம் பார்க்கும் மைத்துனன் சிரஞ்சீவி பரமசிவத்துக்கு, அத்தான் மாணிக்கவாசகம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு யாவரும் க்ஷேமம். என் ரத்த அழுத்தம் மட்டும் க்ஷேமமில்லை.

எங்கள் செக்டார் மூலைக் குழாய்க்குத் தமிழர் சங்கக் காரியதரிசி ராமமூர்த்தி பூட்டுப் போட்டுவிட்டான். குடிசைக்காரர்கள் பிடித்தால் க்வார்ட்டர்ஸுக்குத் தண்ணீர் குறைகிறதாம். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வீராயி, இந்த வெயிலில் காலிக் குடத்தோடு நின்று சொன்னதையெல்லாம் எழுதி, வீடு வீடாகச் சுற்றிவரும் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தேன். அந்தப் படுபாவி என் இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டு, அங்கே மாவடு போடும் பக்குவத்தை ஒட்டியிருக்கிறான்! எமர்ஜென்சியில் வாயை மூடிக்கொண்டிருந்தேன், சரி, அப்போது ஊரே மூடிக்கொண்டிருந்தது. இப்போதுமா? நம் சர்க்கார் போன வருஷம் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மனித உரிமை உடன்படிக்கையில் பத்தொன்பதாம் ஷரத்து என்ன சொல்கிறது? நாட்டு எல்லையைத் தாண்டியும் கருத்தைச் சொல்லலாம் என்கிறது. என் கருத்து நாலாவது செக்டாரைத் தாண்டவில்லையே, மாப்பிள்ளை!

உடனே ஐ.நா.வுக்கு மூன்று காப்பி மனு அடித்தேன். சர்க்கார் ஊழியன் வெளியே எழுதினால் மேலதிகாரி வழியாகத்தான் போக வேண்டும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாகக் கொண்டுபோய் செக்‌ஷன் ஆபீசர் மேஜையில் வைத்துவிட்டது. செக்‌ஷன் ஆபீசர் யார்? அதே ராமமூர்த்தி! "என்ன மாணிக்கம், என் மேல கம்ப்ளெயின்ட், அத நானே ஃபார்வர்ட் பண்ணணுமா? அச்சா, அச்சா" என்று சிரிக்கிறான். "தனி ஆள் புகார் கொடுக்கணும்னா நாடு இன்னொரு பேப்பர்லயும் கையெழுத்துப் போடணும்பா. நாம அதுல போடலையே" என்று எனக்கே பாடம் எடுக்கிறான். உரிமை உண்டு என்பார்களாம், அதைப் பறித்தால் முறையிட வழி தரமாட்டார்களாம், இது என்னய்யா நியாயம்? மனு அவன் டிராயரில் கிடக்கிறது.

ஆகையால் கட்டுரையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே அங்குள்ள ஐ.நா. ஆபீசில் நேரில் கொண்டுபோய்க் கொடு. வீராயி சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட எவனும் தொட முடியாது என்று உலகம் தெரிந்துகொள்ளட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, நீயாவது வாய் திறந்து பேசி நன்றாயிரு.

உன் அத்தான்,
மாணிக்கவாசகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கட்டுரையை வீராயிக்கு வாசித்துக் காட்டினேன். "ஏங்கய்யா, நான் சொன்னதுல பாதியக் காணோமே? ஒங்க வீட்டுப் பின்பக்கக் குழாயையும் அம்மா பூட்டி வெச்சிருக்காங்கன்னு சொன்னேனே, அத யாரு எடுத்தது?" என்றாள். நான்தான் எடுத்தேன். திரும்பச் சேர்க்கச் சொல்லி வாசலிலேயே நிற்கிறாள். உன் அக்கா செல்லம்மாள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். கட்டுரையை யாரிடமும் கொடுத்துவிடாதே.