மண்டையில் மறுநடவு

எங்க வீட்டுக்காரர் லோகன், புட்சால் பந்து ஆடப் போய் குதிகால் தசைநாரை அறுத்துக்கொண்டு வந்தார். 'பட்'டென்று சத்தம் கேட்டதாம். யாரோ பின்னால் உதைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குத் திரும்பினாராம். பின்னால் ஆளே இல்லை.

ஆஸ்பத்திரியில் தைத்துக் கட்டினார்கள். பிறகு ஒரு டாக்டர் சொன்னார். இவர் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மிஷினில் சுற்றி, அதில் இருக்கிற வளர்ச்சிச் சத்தைப் பிரித்து, அறுந்த இடத்தில் ஊசி போடலாமாம். சிலருக்குச் சீக்கிரம் கூடுமாம்.

ஊசி என்றாலே கட்டிலுக்கு அடியில் போகிற மனுஷன், உடனே சரி என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஊசி போடுகிற அன்று, பீடோங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் கார் ஓட்டினேன். "நீ பிள்ளையோட வெளிய இரு அன்பு. உள்ள குளிரும்" என்றார். திரும்பி வரும்போது தலையில் தொப்பி.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை தொப்பியைப் பிடுங்கியது. வழுக்கை முழுக்க வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளி. எஸ்டேட்டில் செம்பனைக் கன்று நடக் குழி வெட்டின மாதிரி.

"என்னங்க, அறுந்தது காலுதானே?"

"காலுக்கும் போட்டாச்சு லா."

"அப்ப இது?"

"அதே மருந்துதான். முடிக்கும் போடுவாங்களாம். நான்தான் கேட்டு வாங்கினேன்."

"மண்டையெல்லாம் ரத்தம்ங்க."

"என் ரத்தம், என் மண்டை. யோகேந்திரன் நிச்சயத்துல நடந்தத மறந்துட்டியா?"

மறக்கவில்லை. இவர் தம்பி நிச்சயதார்த்தத்தில், பெண் வீட்டார் இவரை மாப்பிள்ளையின் அப்பா என்று நினைத்து மாலை போட்டார்கள். இவருக்கு வயது முப்பத்து நாலு.

"கல்யாணத்துக்கு இன்னும் அஞ்சு மாசம். பாரு, மாப்பிள்ளையே என்கிட்ட சீப்பு கடன் கேப்பான்."

எனக்கு எதிர்த்துப் பேச வராது. முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். உதடுகூட அசையவில்லை. மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஊசிப் புண் ஆறினதும் தினமும் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். இவர் உருகிப்போனார். "உன்ன மாதிரி பொண்டாட்டி யாருக்குக் கிடைக்கும்?"

நாலு மாதத்தில் கால் கூடியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார். தலையிலும் முளைத்தது. பூனைக்குட்டி ரோமம் மாதிரிதான். ஆனாலும் முளைத்தது. இவர் சீப்பு வாங்கினார்.

கல்யாண வாரம் மாமியார் புஷ்பவள்ளி வந்தார். "வீட்டுல நல்ல காரியம் நடக்கப்போகுது. யாருக்காவது நேர்த்திக்கடன் இருந்தா முதல்ல முடிங்க. அத வச்சுக்கிட்டு மணவறை போடக்கூடாது."

நான் தலையைக் குனிந்தபடி சொன்னேன். "ஒன்னு இருக்கு அத்தை. இவரு கால் கூடினா மொட்டை போடறதா வேண்டியிருக்கேன்."

"யாருக்கு மொட்டை?" என்றார் இவர்.

"உங்களுக்குத்தாங்க."

சீப்பு கீழே விழுந்தது.

"கால் கூடினது ஊசியால. முருகனுக்கு இதுல என்ன வேலை?"

"வாயக் கழுவுடா" என்றார் அத்தை. "வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வா."

"ஞாயித்துக்கிழமை கல்யாணம்மா. போத்தாக் மண்டையோட வந்து நிக்கவா?"

"அஞ்சு மாசம் முன்ன அப்படித்தானடா நின்ன."

வெள்ளிக்கிழமை, கத்தி தலையில் பட்டதும் இவர் கண் கலங்கியது. என்னைப் பார்த்தார்.

"கால் கூடி ஒரு மாசம் ஆச்சு. அப்பவே சொல்லியிருந்தா நாலு முடியோட போயிருக்குமே, அன்பு."

"நாலு முடியப் போய் எப்படிங்க சாமிக்குக் குடுக்கறது? அதான் தினமும் எண்ணெய் தேய்ச்சேன்."