இங்கிலீஷுக்கும் இங்கிலீஷுக்கும் நடுவே ஒரு துபாஷி

ஆரோக்கிய மாதா துணை

லாபிஸ், ஜொகூர், மலாயா
1931-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி, ஞாயிறு

நாகப்பட்டினத்தில் முப்பது வருஷமாக இங்கிலீஷ் இலக்கணமும் பிரம்பும் ஏந்திவரும் மரியாதைக்குரிய மைத்துனர் மைக்கல் உபாத்தியாயர் அவர்களுக்கு, தங்கை புருஷன் ரபேல் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. நானும் தங்கள் தங்கை அந்தோணியம்மாளும் பிள்ளைகள் மூவரும் மாதாவின் தயவால் சுகம். தங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பதாகவும், தங்கள் இடது முழங்கால் வலி குறைந்திருப்பதாகவும் நம்புகிறேன்.

தங்கள் கடிதம் வந்தது. எனக்குத் தோட்டத்தில் வேலை போய்விட்டதா, நாங்கள் ஐந்து பேரும் கப்பலேறி நேரே தங்கள் வீட்டுக்குத்தான் வருகிறோமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியில் தங்கள் கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்ததாக அந்தோணியம்மாள் சொன்னாள். வேலை போகத்தான் இருந்தது மச்சான். போகாத கதையைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமையும் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

எங்கள் துரை மக்ரே என்பவர் ஸ்காட்லாந்துக்காரர் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அவர் பேசும் இங்கிலீஷைப் பற்றி எழுதவில்லை, ஏனென்றால் எழுதினால் நான் குடிக்கிறேன் என்று தாங்கள் நினைத்துக்கொள்வீர்கள். ‘ர’ என்ற எழுத்து அவர் வாயில் மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி உருண்டுகொண்டே போகும், நிற்காது. அவர் வந்த முதல் வாரம், ஏஜென்ட் துரை எப்போது வருவார் என்று கேட்டேன். “ஆ டின்ன கென்” என்றார். இன்று டின்னருக்குக் கென் என்றொரு துரை வருகிறார் என்று புரிந்துகொண்டேன். சமையல்காரனிடம் சொல்லி ஒரு கோழி அடித்து, மேஜையில் இரண்டு தட்டு வைக்கச் செய்தேன். துரை ராத்திரி எட்டரை மணிவரை காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு, யார் வருகிறார்கள் என்று சமையல்காரனைக் கேட்டாராம். அவன் “கென் தொரைங்க” என்றானாம். ‘கென்’ என்றால் ‘தெரியும்’ என்று அர்த்தமாம், அவர் சொன்னது ‘எனக்குத் தெரியாது’ என்பதாம். தங்கள் இலக்கணப் புத்தகத்தில் இது இல்லை மச்சான், நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

அப்படியே இரண்டு வருஷத்தில் பழகிவிட்டது. துரை ‘கூ’ என்று கத்தினால் குயில் இல்லை, நாற்றுப் பாத்தியில் பசு புகுந்துவிட்டது என்று தெரிந்து கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவேன். அவரும் என் இங்கிலீஷைக் குறை சொன்னதில்லை. குறை சொன்னவர் ஏஜென்ட் துரைதான். லண்டன் கம்பெனிக்காக வருஷத்துக்கு இரண்டு முறை வந்து எட்டுத் தோட்டங்களையும் சுற்றிப் பார்ப்பவர். மேலுதடு அசையாமல் பேசுவார், பாதி வார்த்தையை விழுங்கிவிடுவார். சென்ற மே மாதம் வந்தபோது நான் தோட்டக் கணக்கை வாசித்துக் காட்டினேன். ‘யெம்’ என்றும் ‘யெல்’ என்றும் ‘இஸ்டேட்’ என்றும் தாங்கள் சொல்லித்தந்தபடியேதான் வாசித்தேன். அவர் காதில் விரலைவிட்டுக் குடைந்துகொண்டு, தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு கணக்கெழுத எனக்கு உதவியாகப் புதிதாக வந்த சின்னக் கிராணி ஜெயபாலனை வாசிக்கச் சொன்னார். சிங்கப்பூரில் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணின பையன். கழுத்தில் டை கட்டாமல் பல்லும் விளக்கமாட்டான். வாயில் வெந்நீர் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி, வழுக்கிக்கொண்டு வாசித்தான். ஏஜென்ட் துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. ரப்பர் விலை விழுந்து கிடக்கிறது, இரண்டு கிராணி தேவையில்லை, வருஷக் கடைசியில் பெரிய கிராணியை அனுப்பிவிட்டு இந்தப் பையனை வைத்துக்கொள்ளலாம் என்று என் எதிரிலேயே சொன்னார். அதை மட்டும் ஒரு வார்த்தைகூட விழுங்காமல் சொன்னார்.

அன்று சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தோணியம்மாள் தட்டைப் பார்த்துவிட்டு, “அவங்க பேசுறது ஒண்ணும் புரியல. நீங்க பேசுற இங்கிலீஷ் எனக்கே பாதி புரியுது. அப்ப எது நல்ல இங்கிலீஷு? சாப்பிடுங்க” என்றாள். இந்த நியாயம் தங்கள் பள்ளிக்கூடத்தில் செல்லுமோ என்னவோ, அன்று எனக்குச் செல்லவில்லை. கட்டிலுக்கடியில் கிடந்த டிரங்குப் பெட்டியை இழுத்துத் தூசி தட்டி வைத்தேன்.

இப்படியிருக்க, போன புதன்கிழமை காலையில் ரப்பர் ஷீட் போடும் மிஷினை ஓட்டுகிற என்ஜின் ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. ரப்பர் பால் வாளி வாளியாக வந்து சேர்கிறது, அதைப் போட்டு வைத்தால் கெட்டுப்போகும். பழைய கைமிஷின் இரண்டைத் தூக்கிவந்து ஆள்வைத்துச் சுற்றினோம். சிங்கப்பூருக்குத் தந்தி போய், மறுநாள் ரயிலில் ஒரு மெக்கானிக் துரை வந்து இறங்கினார். பெயர் பர்க். ஆஸ்திரேலியாக்காரர், தென்னைமரம் மாதிரி உயரம். என்ஜின் கொட்டகைக்குள் நுழைந்ததும் எல்லோரையும் பார்த்து, “குட்டை!” என்றார்.

என்ஜின் ஓட்டும் வேலு நாலரை அடி ஆள். அவனுக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. “பாருங்க கிராணி, வந்ததும் வராததுமா குட்டைங்கிறான்! இவன் நெட்டைன்னு நான் சொன்னேனா?” என்று என்னிடம் குமுறினான். ஜெயபாலனோ தன் டையைத் தடவிக்கொண்டு, “தேங்க்யூ சார், சிங்கப்பூர்ல வாங்கினது” என்றான். அவர் சொன்னது ‘குட் டே’, வந்தனம் என்று அர்த்தம். அவர்கள் ஊரில் ‘டே’யை ‘டை’ என்பார்களாம். எனக்கு உடனே பிடிபட்டது. மக்ரே துரையோடு இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினவனுக்கு எந்த இங்கிலீஷ்தான் பிடிபடாது?

ஆனால் பர்க் துரைக்கு ஒத்தாசையாக ஜெயபாலனைத்தான் போட்டார்கள், லண்டன் பேச்சுக்காரன் அல்லவா. நான் ஆபீசுக்குத் திரும்பிவிட்டேன். அரைமணி நேரத்தில் இரண்டு ஆட்கள் வந்து என் மேஜையிலிருந்த டைப் மிஷினைத் தூக்கினார்கள். எதற்கடா என்று கேட்டால், மெக்கானிக் துரை அவசரமாகக் கேட்கிறார் என்றார்கள். பின்னாலேயே ஓடினேன். அங்கே பர்க் துரை எண்ணெய் வழியும் குழாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “டைப்! டைப்!” என்று அலறிக்கொண்டிருந்தார். ஜெயபாலன் டைப் மிஷினை அவர் காலடியில் வைத்து, காகிதமும் செருகி, “ரெடி சார், சொல்லுங்க” என்று நின்றான். அவர் கேட்டது டேப், குழாயில் சுற்றுகிற துணிநாடா. அதை நான் எடுத்துக் கொடுத்ததும், அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் மச்சான், வேளாங்கண்ணியில் நேர்ச்சை பலித்தவன் பார்க்கிற பார்வை. ஜெயபாலன், “அலமாக், பெரிய கிராணி! இவரு எந்த ஊரு இங்கிலீஷு பேசுறாரு?” என்றான். ‘அலமாக்’ என்றால் மலாயில் ‘ஐயோ’. பாவம், அழுகிற குரல்.

பிறகு மக்ரே துரை வந்தார். ஏதோ கேட்டார். பர்க் துரை, “வாட்?” என்றார். மறுபடி கேட்டார். மறுபடி “வாட்?” மூன்றாம் முறை மக்ரே துரை என் பக்கம் திரும்பி, “ரபேல், இந்த ஆளுக்கு நான் சொல்வதை இங்கிலீஷில் சொல்” என்றார். பர்க் துரையும், “ஆமாம், இந்தக் கிழவர் பேசுவதை எனக்கு இங்கிலீஷில் சொல்” என்றார். நான் சொன்னேன். தாங்கள் சொல்லித்தந்த ‘யெம்’மும் ‘யெல்’லும் போட்டுத்தான் சொன்னேன். இரண்டு பேரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அந்த நிமிஷத்திலிருந்து மூன்று நாள் நான் துபாஷி. இந்தப்பக்கமும் இங்கிலீஷ், அந்தப்பக்கமும் இங்கிலீஷ், நடுவே நாகப்பட்டினம்.

சொன்னதை எல்லாம் அப்படியே சொல்ல முடியவில்லை என்பதை மட்டும் தங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். ஒருவருக்குச் சொல்வது மற்றவருக்குக் கேட்காதபடி காதோரம்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை மக்ரே துரை, “ஒரு கோழியை விட்டிருந்தால்கூட இந்நேரம் பழுதுபார்த்து முட்டையும் இட்டிருக்கும் என்று சொல்” என்றார். நான், “தாங்கள் நிதானமாக வேலை செய்வது துரைக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம்” என்றேன். பர்க் துரை கொஞ்ச நேரம் குனிந்தபடியே தோள் குலுங்க இருமினார். பிறகு, “இந்த வால்வை வாங்கின புத்திசாலியை இதாலேயே மண்டையில் தட்டவேண்டும் என்று சொல்” என்றார். வாங்கினவர் மக்ரே துரைதான், சிங்கப்பூர்ப் பழைய சாமான் கடையில். “இந்த வால்வு கொஞ்சம் அபூர்வமான அளவு என்கிறார்” என்றேன். துரை சந்தேகமாக, “அவ்வளவுதானா? நீளமாகப் பேசினானே?” என்று கேட்டார். “ஆஸ்திரேலியா இங்கிலீஷ் நீளம் அதிகம், சார்” என்றேன்.

சனிக்கிழமைதான் ஆபத்து. கைமிஷின் சுற்றின ஆட்களுக்குத் தோள் விட்டுப்போயிற்று, பால் பாதி வீணாகத் தொடங்கிவிட்டது. பர்க் துரை ஸ்பேனரைத் தரையில் எறிந்து, புது வால்வு வராமல் ஓடாது, மத்தியான ரயிலில் போகிறேன் என்று சொல்லச் சொன்னார். மக்ரே துரை, வால்வு சரியான வால்வுதான், வேலை தெரியாதவன் தாராளமாகப் போகட்டும் என்று சொல்லச் சொன்னார். என்ஜின் ஓடாவிட்டால் தோட்டம் நஷ்டம், நஷ்டமென்றால் வருஷக் கடைசிவரைகூட நான் தங்கமாட்டேன். வேலு என்னையே பார்க்கிறான். ஜெயபாலன் டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான். நான் மாதாவை நினைத்துக்கொண்டு பர்க் துரையிடம், “வால்வு வாங்கினது தம்முடைய தவறு என்கிறார் துரை, மன்னிக்கவேண்டுமாம்” என்றேன். திரும்பி மக்ரே துரையிடம், “நேற்றே அளவெடுத்துச் சொல்லியிருக்கவேண்டும், தப்பு என்னுடையது என்கிறார், புது வால்வுக்குத் தந்தி கொடுக்க உத்தரவு கேட்கிறார். அதுவரை பழையதையே அராவிப் பொருத்தி ஓட்டிப்பார்ப்பாராம்” என்றேன். மூன்று வாக்கியம், மூன்றும் பொய்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். மக்ரே துரை தொண்டையைச் செருமி, “அய்” என்றார், அவர் பேச்சில் ‘சரி’ என்று அர்த்தம். பர்க் துரை ஸ்பேனரைக் குனிந்து எடுத்துக்கொண்டார். மூன்றரை மணிக்கு என்ஜின் ஓடியது! வேலு என்ஜினைக் கட்டிப்பிடிக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டான்.

சாயங்காலம் துரை ஆபீசுக்கு வந்து, ஏஜென்ட் துரைக்கு ஒரு கடிதம் சொல்லி என்னையே டைப் அடிக்கச் சொன்னார். ‘பெரிய கிராணி ரபேல் இல்லாமல் இந்தத் தோட்டத்தில் இங்கிலீஷ் நடக்காது, அவரை அனுப்பினால் நானும் போகிறேன்.’ எனக்குக் கண் மறைத்ததில் இரண்டு எழுத்து தப்பாக விழுந்தது, துரை திருத்தவில்லை. ஜெயபாலனுக்கும் கெடுதலில்லை. கேட்டதும் டைப் மிஷினையே தூக்கிவரும் பையன் எதையும் கொண்டுவருவான் என்று சொல்லி, பர்க் துரை தம்முடைய சிங்கப்பூர்க் கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். பையன் நேற்று எங்கள் வீட்டுக்கு வந்து, “பெரிய கிராணி, எனக்கும் உங்க இங்கிலீஷைக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க லா” என்று கேட்டான். அந்தோணியம்மாள் அவனுக்கு ஆப்பம் சுட்டுப் போட்டாள்.

ஆகையால் மச்சான், நாங்கள் வரவில்லை. டிரங்குப் பெட்டி திரும்பவும் கட்டிலுக்கடியில். இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு இங்கிலீஷ் புரியவைத்த ஒரே தமிழன் தங்கள் மாணாக்கன் என்று பள்ளிக்கூடத்தில் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் சிறியவர்களுக்கு முத்தமும் சொல்லவும். தங்கள் முழங்காலுக்காக இங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறோம்.

தங்கள் பிரியமுள்ள,
சூ. ரபேல்
பெரிய கிராணி

பின்குறிப்பு, திங்கட்கிழமை: மச்சான், பள்ளிக்கூடத்தில் சொல்லவேண்டாம். இன்று காலை பர்க் துரையை ரயிலேற்றப் போயிருந்தேன். வண்டி நகரும்போது ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டு, “கிழவரிடம் சொல்லிவிடாதே. என் பாட்டனார் ஸ்காட்லாந்துக்காரர், எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. நீ சொன்னது அதைவிட நன்றாக இருந்தது, அதனால்தான் கேட்டேன்” என்றார். தலைசுற்றத் தோட்டத்துக்குத் திரும்பினேன். துரை வராந்தாவில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். “போய்விட்டானா? ரபேல், உனக்கு மட்டும் சொல்கிறேன். ஜெர்மன் சண்டையின்போது நான்கு வருஷம் ஆஸ்திரேலியாக்காரர்களோடு ஒரே குழியில் கிடந்தவன் நான். அவன் பேச்சு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் நேருக்கு நேர் பேசியிருந்தால் முதல் நாளே அடித்துக்கொண்டிருப்போம். அவனுக்கு இது தெரியவேண்டாம்” என்றார்.

நான் இருவருக்கும் சத்தியம் செய்துகொடுத்துவிட்டேன். அந்தோணியம்மாளிடம் சொன்னபோது அரைமணி நேரம் சிரித்துவிட்டு, “வாயே திறக்காதீங்க. அந்த ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் புரியும்னு தெரிஞ்சா, அப்புறம் உங்களுக்கு என்ன வேலை?” என்றாள். புது வால்வு பொருத்த பர்க் துரை அடுத்த மாதம் வருகிறார். துபாஷி வேலைக்கு என்னைத் தயாராக இருக்கச் சொல்லி இரண்டு துரைகளும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்.